ஆடி மாதத்து எட்டு

செவ்வந்தியின் நம்பர் எட்டு.

அந்தக் காலத்து ஆட்களாக இருந்தால் வீட்டு நம்பரா, பஸ் நம்பரா என்று கேட்டிருப்பார்கள். 2061-இல் யாரும் அப்படிக் கேட்பதில்லை. உங்கள் வயதுக்காரர்கள் நூறு பேரை நோஞ்சானில் தொடங்கி திடகாத்திரம் வரை வரிசையாக நிறுத்தினால், நீங்கள் எத்தனையாவது ஆளாக நிற்பீர்கள் என்பதுதான் நம்பர். இருபத்தைந்து வயதானதும் ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள். அதிலுள்ள செல்களுக்குக் கொஞ்சம் அடி கொடுத்து, எவ்வளவு சீக்கிரம் தேறுகின்றன என்று ஓர் இயந்திரம் பார்க்கும். அப்புறம் ஓர் அட்டை வரும். அரசாங்கத் தமிழில் அதில் இருப்பது 'மீள்திறன் நூற்றுமானம்'. அதைச் சொல்லி முடிப்பதற்குள் பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்து முடித்துவிடுவார்கள் என்பதால் ஊர் அதை நம்பர் என்றே அழைத்தது. ஜாதகத்தை ஒழித்துவிட்டோம் என்று ஒரு தலைமுறை மார்தட்டிக்கொண்டது. ஒழிந்தது உண்மைதான். அந்த நாற்காலியில் அட்டை வந்து உட்கார்ந்துகொண்டது.

பரிசோதனை ஆயுளுக்கு ஒரே தடவை. ஆரம்பத்தில் வசதியுள்ளவர்கள் நல்ல நம்பர் வரும்வரை திரும்பத் திரும்ப விரலைக் குத்திக்கொண்டார்கள். அதைத் தடுக்கச் சட்டம் வந்தது. எட்டு வந்தால் எட்டு, அவ்வளவுதான்.

எட்டு என்றால் நிரந்தர அரசு வேலை கிடையாது. அதற்குக் குறைந்தது முப்பது வேண்டும். எனவே புள்ளியியலில் தங்கப் பதக்கம் வாங்கிய செவ்வந்தி, மதுரை மீள்திறன் வாரியத்தில், அதாவது அந்த அட்டையை அச்சடிக்கிற அதே இடத்தில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்கப்படும் ஒப்பந்த ஊழியை. தன்னை வாசலில் நிறுத்திய கணக்கைத் தினமும் துடைத்து எண்ணெய் போட்டு ஓட்டுவதுதான் அவள் உத்தியோகம்.

கல்யாணமும் அப்படித்தான். அவளும் நவநீதனும் மூன்று வருடமாகப் பழகினார்கள். அவன் அதே வாரியத்தில் செய்தித் தொடர்புப் பிரிவு. நம்பர் எழுபத்தெட்டு. செவ்வந்தியின் அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆனபோது நாலு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன், நர்ஸ் கேட்டால் "நான் மகன்தான்" என்றவன். அவனை அவளுக்குப் பிடித்திருந்தது, நிஜமாகவே, மிகவும்.

"நம்பர்ல என்ன இருக்கு செவ்வந்தி?" என்பது அவன் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம். வாரிய ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்து, "நான் ஒரு எட்டை ஏத்துக்கிட்டிருக்கேன். அதுல எனக்குப் பெருமைதான்" என்று சொன்னான். அரங்கம் கை தட்டியது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த எட்டுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நல்ல மனசோடுதான் சொல்கிறான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அவன் அம்மா ஹரிணி இரண்டு வருடம் பிடிவாதமாக நின்றார். (ஹரிணி, திவ்யா, பிரசன்னா என்பதெல்லாம் இப்போது தலை நரைத்தவர்களின் பெயர்கள். இளசுகளுக்குத்தான் செவ்வந்தி, நவநீதன்.) கடைசியில் ஒரு வழியாக இறங்கி வந்தார். ஆவணி கடைசி முகூர்த்தத்தில் நிச்சயதார்த்தம், சின்ன மண்டபம். ஒரே ஒரு நிபந்தனை. பத்திரிகையில் பெயருக்குக் கீழே நம்பர் போடுகிற வழக்கத்தை இந்தக் கல்யாணத்தில் மட்டும் விட்டுவிட வேண்டும்.

இப்படி எல்லாம் கூடி வந்த நேரத்தில்தான் செவ்வந்தி அந்த வரியைப் பார்த்தாள்.

வாரியத்தின் பதினைந்து வருடப் பழைய புரோகிராமைப் புது இயந்திரத்துக்கு மாற்றும் வேலை. நிரந்தர ஊழியர்கள் யாரும் தொட விரும்பாததால் அவளிடம் வந்திருந்தது. நம்பரை முடிவு செய்யும் காரணிகள் வரிசையாக இருந்தன: வயது, ஆணா பெண்ணா, உயரம், பிறந்த எடை என்று பதினொன்று. பன்னிரண்டாவதாக ஒரு வரி மூடிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'பரிசோதனை மாதம். 0.83. முக்கியமில்லை. நீக்கப்பட்டது. பி.'

வேறு யாராக இருந்தாலும் தாண்டிப் போயிருப்பார்கள். அவளும் தாண்டித்தான் போனாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து, தூக்கம் வராமல் இருக்க ஏதாவது படம் போட்டுப் பார்க்கலாம் என்று அந்த மாத வரியின் வளைவை வரைந்தாள். தூக்கம் போய்விட்டது.

ஜனவரியில் உச்சத்தில் இருந்த கோடு மெல்ல இறங்கி, ஜூலை, ஆகஸ்டில் அதலபாதாளத்துக்குப் போய், மறுபடி ஏறி டிசம்பரில் பழைய உயரத்துக்கே வந்தது. மனுஷ உடம்பு வெயிலில் அடிபட்டு ஆடியில் சோர்ந்து கிடக்கிறது, தையில் துள்ளுகிறது. மாதத்தைச் சேர்த்து ஒரு தடவை, அடியோடு எடுத்துவிட்டு ஒரு தடவை என்று முழுக் கணக்கையும் ஓட்டி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மாதம் முக்கியமில்லையாம். மற்ற பதினொன்றில் ஒன்பதைத் தூக்கிப் போட்டால்கூட இவ்வளவு சேதம் ஆகாது.

மதுரையில் யார் எப்போது பரிசோதனைக்குப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். வசதியுள்ளவர்கள் நல்ல காரியத்தைத் தை பிறந்ததும் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருப்பார்கள். ஆடியில் எப்படியும் கல்யாணப் பேச்சு கிடையாது, பரிசோதனைக் கூடங்கள் ஈ ஓட்டும். அதனால் பாதிக் கட்டணம், ஜோடியாக வந்தால் ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் இலவசம். செவ்வந்தியை அவள் அம்மா கூட்டிப் போனது ஆடிப்பெருக்கு அன்று.

ஆடி அட்டைக்காரர்களுக்கு நம்பர் குறைவாக வருவது யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. அதற்கு விளக்கமும் தயாராக இருந்தது. ஒரு பேராசிரியர், தள்ளுபடிக்கு அலையும் குணமும் செல் தேறாத தன்மையும் ஒரே மரபணுவில்தான் இருக்கின்றன என்று நானூறு பக்கம் எழுதி விருது வாங்கியிருந்தார். அவர் பரிசோதனை செய்துகொண்டது தையில்.

செவ்வந்தி தன் அட்டையை எடுத்து மாதத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டாள். நாற்பத்தாறு வந்தது. இன்னொரு தடவை போட்டாள். மறுபடியும் நாற்பத்தாறு. குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

'பி' என்பது துறைத் தலைவர் பிரசன்னா. ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. நல்ல மனிதர், யார் மேலும் எரிந்து விழாதவர், கையெழுத்துப் போடக் கொண்டு போனால் படிக்காமல் போடுகிறவர்.

"சார், 2046 புரோகிராம்ல மாசம்னு ஒரு வரி மூடிக் கெடக்கு. நீங்க எடுத்ததுதானே?"

"ஆமாம்மா. அது ஒண்ணுமில்லாத வரி. பாயிண்ட் எட்டு மூணு வந்துச்சு. பாயிண்ட் பூஜ்யம் அஞ்சுக்குக் கீழ வந்தாத்தான் முக்கியம்னு பக்கத்துல ஸ்டார் விழும். ஸ்டார் இல்லாததை எல்லாம் தூக்குங்கன்னு கமிட்டில சொன்னாங்க. முப்பத்திரண்டு வரி இருந்தது, பதினொண்ணு ஆக்கினோம்."

"அந்த பாயிண்ட் எட்டு மூணு எதுக்கு சார் வந்த நம்பர்?"

"மாசத்துக்குத்தான்."

"மாசத்துக்கு இல்ல சார். மாசத்தை ஒரு நேர்கோடா வச்சா, அந்தக் கோடு ஏறுதா இறங்குதாங்கிறதுக்கு. அது ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. ஆனா நீங்க போட்டது நேர்கோடு இல்லையே. வளையற கோடு. அந்த வளைவுக்கு இயந்திரம் பட்டியல்ல எண்ணே போடாது. நேரா இருக்கற பங்குக்கு மட்டும் போட்டுட்டு சும்மா இருந்துரும்."

பிரசன்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புரியற மாதிரி சொல்லும்மா. நான் கணக்குப் போட்டு பத்து வருஷம் ஆச்சு."

"மதுரையிலேர்ந்து கிளம்பிக் கொடைக்கானல் போயிட்டு மதுரைக்கே திரும்பி வாறீங்க. கிளம்புன எடத்து உயரமும் வந்து சேந்த எடத்து உயரமும் ஒண்ணுதான். அதைப் பாத்துட்டு, வழியில மலையே இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க சார்."

அவர் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார்.

"கையேட்டுல இருந்துச்சு," என்றார் கடைசியில். "அடிக்குறிப்பா, பொடி எழுத்துல. இந்த எண்ணை வச்சு முடிவு பண்ணாதே, அந்த வரியை முழுசா எடுத்துட்டு ஓட்டிப் பாருன்னு. படிச்ச ஞாபகம் நல்லா இருக்கு. அன்னிக்கு வெள்ளிக்கிழமை. திங்கக்கிழமை மந்திரி வெளியிடணும். ஒரு தடவை ஓட்ட ஒம்பது மணி நேரம் ஆகும் அப்ப." கொஞ்சம் நிறுத்தி, "எத்தனை பேரு?" என்று கேட்டார்.

"ஆடி அட்டை மட்டும் நாற்பத்தோரு லட்சம்."

"என் பொண்ணுக்கு ஒரு பையன் வந்தான். நம்பர் பதினொண்ணுன்னு வேணாம்னுட்டேன். அவ ரொம்ப நாள் என்கூடப் பேசல. அந்தப் பையனோட அப்பா எல்லாத்தையும் ஆடில வாங்கற ஆளு." பிரசன்னா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "ஒருத்தர் மேல ஏறணும்னா ஒருத்தர் கீழ இறங்கணும், தெரியுமில்ல? நூறு பேர் வரிசை அது. தை அட்டை வச்சிருக்கவன்லாம் யாரு? நீதிபதி, கலெக்டர், நம்ம வாரியத்துல பாதி."

"தெரியும் சார்."

"எழுதிக் கொண்டா. திங்கக்கிழமை கமிட்டில வைப்போம். நானும் கையெழுத்துப் போடறேன். ரிட்டயர் ஆகப் போறவன் தைரியமா இருக்கலாம், அதுக்கு ஒண்ணும் செலவில்லை."

வீட்டில் அம்மா திவ்யா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். செவ்வந்தி சொன்னதைக் கேட்டுக் கத்தியைக் கீழே வைத்தார்.

"நாற்பத்தாறா?"

"நாற்பத்தாறும்மா. நம்ம போன மாசம்தான் தப்பு."

அம்மா புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார். "உன்னை வயித்துல வச்சிருக்கப்ப இரும்பு மாத்திரை ஒழுங்கா போடலைடி நான். குமட்டுதுன்னு ஜன்னல் வழியா எறிஞ்சேன். அதுனாலதான் உனக்கு எட்டு வந்துருச்சுன்னு மூணு வருஷமா நெனைக்காத நாள் இல்ல. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல." செவ்வந்தி அவரைக் கட்டிக்கொண்டாள். வெண்டைக்காய்ப் பிசுக்கோடு இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

கண்ணைத் துடைத்ததும் அம்மாவுக்கு அடுத்த கேள்வி வந்தது. "மாப்பிள்ளைக்கு எவ்வளவு வரும்?"

"அவன் தையில எடுத்தது. நாற்பத்துநாலு."

"அப்ப சரிப்படாதே."

"என்னம்மா சரிப்படாது?"

"பொண்ணைவிட மாப்பிள்ளைக்கு ரெண்டாச்சும் கூட இருக்கணும்ல. வயசு, உயரம், சம்பளம் எல்லாம் அப்படித்தானே பாக்கறோம். ஊர்ல என்ன பேசுவாய்ங்க?" இரண்டே நிமிடத்துக்கு முன்பு வரை எட்டாக இருந்த ஒருத்தியின் அம்மா கேட்ட கேள்வி இது. செவ்வந்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாளைக்கு நவநீதனிடம் சொன்னால் அவனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான் என்று நினைத்தாள்.

மறுநாள் கேன்டீனில் பணியாரத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு சொன்னாள். நாற்பத்தாறு என்றதும் அவன் முகம் மலர்ந்தது, உண்மையாகவே மலர்ந்தது. "சூப்பர். அம்மா இனிமே வாயே தெறக்க மாட்டாங்க. பத்திரிகையில தாராளமா நம்பர் போடலாம்." ஒரு பணியாரத்தைப் பிட்டான். "அப்ப என்னோடது ஏறுதா?"

"நீ தைல எடுத்தது நவா."

"அதனால?"

"நாற்பத்துநாலு."

பிட்ட பணியாரம் கையிலேயே இருந்தது. "சரியாப் பாத்தியா?"

"நாலு தடவை பாத்தேன்."

"இல்ல, நீயே தனியா உக்காந்து போட்ட கணக்குதானே. வெளியில யார்கிட்டயாவது குடுத்து..."

"பிரசன்னா சார் பாத்துட்டாரு. ஏன் நவா, நாற்பத்துநாலும் நாற்பத்தாறும் ஒண்ணுதான். அந்த ரெண்டு ஒரு வித்தியாசமே இல்ல. மறுபடி குத்தினா மாறிப் போகும்."

"ஒண்ணுதான்னா எதுக்கு ரிப்போர்ட்?" குரல் கொஞ்சம் உயர்ந்து, பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்க, தணிந்தது. "இங்க பாரு. நான் உன்ன எட்டோட ஏத்துக்கிட்டவன். ஊருக்கே தெரியும். நம்ம ரெண்டு பேரும் எட்டோட சந்தோஷமாத்தானே இருந்தோம்? நிச்சயத்துக்கு இன்னும் பதினாறு நாள்தான் இருக்கு. கல்யாணம் முடியட்டும். அப்புறம் குடு. இல்ல, பிரசன்னா சாரே தனியா குடுக்கட்டும், உனக்கு எதுக்கு?"

"நாற்பத்தோரு லட்சம் பேரு நவா."

"பதினஞ்சு வருஷம் இருந்தவங்க இன்னும் ஆறு மாசம் இருக்க மாட்டாங்களா?"

அவன் பயந்திருக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. பாவமாக இருந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆள்தானே இவன். இந்தப் பயத்தை எப்படிப் போக்குவது என்று யோசித்து, மேசைக்கு மேலாகக் கையை நீட்டி அவன் கையைப் பிடித்தாள். மூன்று வருடமாக எந்த வார்த்தையைக் கேட்டு அவள் தெம்பாக இருந்தாளோ, அதையே அவனுக்குக் கொடுத்தாள்.

"நம்பர்ல என்ன இருக்கு நவா? நான் உன்னை நாற்பத்துநாலோட ஏத்துக்கறேன். அதுல எனக்குப் பெருமைதான்."

கேலிக்கு அல்ல, மனசாரத்தான் சொன்னாள். அவன் கையை மெல்ல இழுத்துக்கொண்டான். பில்லை அவனே கட்டினான். ரிப்போர்ட் திங்கட்கிழமை போனால் நிச்சயதார்த்தத்தைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும் என்று அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனான்.

சனியும் ஞாயிறும் செவ்வந்தி ரிப்போர்ட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கொடுக்காமல் விட்டால் அவன் இருப்பான், எட்டும் இருக்கும். கொடுத்தால் நாற்பத்தாறு வரும், அவன் வருவானா தெரியாது. இரும்பு மாத்திரையை எறிந்ததால்தான் என்று நினைத்து உள்ளுக்குள் புழுங்கும் அம்மாக்கள் இன்னும் எத்தனை வீட்டில் இருக்கிறார்களோ என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோன்றியது. அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ரிப்போர்ட் கமிட்டி முன்னால் இருந்தது. அடியில் இரண்டு கையெழுத்து.

கமிட்டியில் பதினான்கு பேர். பன்னிரண்டு பேர் தை அட்டை. இது உடனே குப்பைக்குப் போகும் என்று பிரசன்னாவே நினைத்தார். ஆனால் அடுத்த வருடம் தேர்தல். ஆடி அட்டைகளையும் தை அட்டைகளையும் யாரோ எண்ணிப் பார்த்து மந்திரியின் காதில் போட்டார்கள். மந்திரிக்கு நேர்கோடும் தெரியாது, வளைவும் தெரியாது, எந்தப் பக்கம் தலை அதிகம் என்று தெரியும். விஞ்ஞானம் ஒரே வாரத்தில் ஜெயித்தது. விருது வாங்கிய பேராசிரியர், பருவமும் மனித உடலும் என்று அடுத்த நானூறு பக்கத்தைத் தொடங்கினார்.

ஐப்பசியில் புது அட்டைகள் வந்தன. அதற்கு முன்பே, ஆவணி கடைசி முகூர்த்தத்தில் அந்தச் சின்ன மண்டபத்தில் வேறு யாருக்கோ நிச்சயம் நடந்தது. செவ்வந்திக்கு நிரந்தர வேலை கிடைத்தது. வேலை உத்தரவை வாங்கிய அன்று அதைச் சொல்ல முதலில் யாருக்குப் போன் செய்யப் போனாளோ, அந்தப் பெயரின் மேல் விரலை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள். நவநீதன் இரண்டு மாத விடுப்பில் இருந்தான். தை அட்டைதாரர் உரிமை மீட்புச் சங்கத்துக்கு அவன்தான் செய்தித் தொடர்பாளர். பேச்சு அவனுக்கு எப்போதும் நன்றாக வரும். 'எங்கள் நம்பர் எங்கள் அடையாளம்' என்று அவன் தட்டி பிடித்து நின்ற படம் பேப்பரில் வந்தது. அம்மா பார்ப்பதற்குள் செவ்வந்தி அதை மடித்து வைத்தாள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹரிணி வீட்டுக்கு வந்தார். கையில் பழம், பூ, வெற்றிலை வைத்த தட்டு. அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செவ்வந்தி வாசலில் அவருக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். யாரும் வரவில்லை.

"நான் ரெண்டு வருஷம் உன்னைப் படுத்திட்டேன்மா," என்றார் ஹரிணி. "மனசுல வச்சுக்காத. உன்னை மாதிரி ஒரு பொண்ணு எங்க குடும்பத்துக்கு வரக் குடுத்து வச்சிருக்கணும்."

"அவன் அனுப்பினானா ஆன்ட்டி?"

"அவன் எங்க அனுப்புவான்? அவன் பேச்சை விடு. நாற்பத்துநாலை உனக்குக் கேக்கற அளவுக்கு நான் விவரம் தெரியாதவளா?" ஹரிணி பைக்குள்ளிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்தார். "என் தங்கச்சி பையன். கோயமுத்தூர்ல இருக்கான். நாற்பத்தெட்டு. புது அட்டை. உனக்கு ரெண்டு கூட, பொருத்தமா இருக்கும்."

சமையலறை வாசலில் காபியோடு நின்ற அம்மா, மகளின் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆன்ட்டி," என்றாள் செவ்வந்தி. "நான் எட்டா இருந்தப்ப அவன் என்னை ஏத்துக்கிட்டான். அது பொய்யில்ல. மூணு வருஷம் நின்னான். அவனுக்குக் கொறஞ்சப்ப நான் அவனை ஏத்துக்கறேன்னு சொன்னேன். அதை மட்டும் அவனால தாங்க முடியல. அவன் சொன்னது எனக்கு எப்படி இருந்திருக்கும்னு அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது."

ஹரிணி புருஷனோடு முப்பத்திரண்டு வருடம் குடித்தனம் செய்தவர், இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை. தலையை ஆட்டினார். படத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கையை நீட்டினார், கொஞ்சம் யோசித்தார்.

"எதுக்கும் இருக்கட்டும்," என்று அதைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் காபியை வாங்கிக்கொண்டார்.